கூடுமிடப் பெயர்களும் தகுதி வழக்கும்: ஆன் ஆர்பர் நகரின் தன்பாலீர்ப்பினர் வரலாறு

1. முன்னுரை

ஒரு மக்கள் குழுவின் வரலாற்றை எழுதுவோர் சட்டங்கள், வழக்குகள், ஊர்வலங்கள், தலைவர்கள் ஆகியவற்றையே முதன்மைச் சான்றுகளாகக் கொள்வது வழக்கம். அக்குழுவினர் மாலையில் எங்கே கூடினர், எக்கடையில் நூல் வாங்கினர், எவ்வலுவலகத்தின் கதவைத் தட்டி உதவி கேட்டனர் என்பன போன்ற செய்திகள் அடிக்குறிப்புகளாகவே நின்றுவிடுகின்றன. தன்பாலீர்ப்பினர், இருபாலீர்ப்பினர், திருநர் ஆகியோரின் வரலாற்றில் இம்முறை போதுமானதாக இல்லை. தம்மை இன்னார் என்று வெளிப்படையாகக் கூற இயலாதிருந்த காலத்தில் அவர்கள் விட்டுச்சென்ற எழுத்துச் சான்றுகள் மிகச் சில. அவர்கள் கூடிய இடங்களின் பெயர்கள் அச்சான்றுகளுள் ஒருவகை. கடைப் பெயர்ப்பலகை எல்லாரும் காணும்படி தெருவில் நிற்பது. ஆயினும் அதன் முழுப்பொருளை எல்லாரும் அறிந்திருந்தனர் என்று சொல்ல முடியாது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள கல்லூரி நகரமான ஆன் ஆர்பரில் இம்மக்கள் கூடிய மதுவிடுதிகள், நடன அரங்கு, நூலகக் கடை, பல்கலைக்கழக அலுவலகம் ஆகியவற்றின் வரலாற்றை அவற்றின் பெயர்களின் வழியாக இக்கட்டுரை ஆராய்கிறது. ஆய்வுக்குரிய சட்டகம் தமிழ் இலக்கண மரபிலிருந்து எடுத்துக்கொள்ளப்படுகிறது. பவணந்தி முனிவரின் நன்னூல் சொல் வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என இரண்டாகப் பகுக்கிறது. இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ ஆகிய மூன்றும் இயல்பு வழக்கின் பாற்படும். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி ஆகிய மூன்றும் தகுதி வழக்கின் பாற்படும். அவையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துக் கூறுவது இடக்கரடக்கல். மங்கலமல்லாததை மங்கலச் சொல்லால் கூறுவது மங்கலம். ஒரு கூட்டத்தார் தமக்குள் ஒரு பொருளின் இயற்பெயரை விட்டு வேறொரு சொல்லால் அதனை வழங்குவது குழூஉக்குறி. ஒரு பொருளை அதன் பெயராலேயே சொல்ல இடமில்லாதபோது மொழி என்ன செய்கிறது என்பதை இம்மூன்றும் விளக்குகின்றன. ஆன் ஆர்பரின் பெயர்களை விளக்க இவை எந்த அளவிற்கு உதவுகின்றன, எவ்விடத்தில் போதாமற் போகின்றன என்பதே இக்கட்டுரையின் வினா.

2. நகரின் இயல்பு

ஆன் ஆர்பர் 1824-இல் நிறுவப்பட்ட ஊர். 1817-இல் டெட்ராய்ட்டில் தோன்றிய மிச்சிகன் பல்கலைக்கழகம் 1837-இல் இவ்வூருக்கு இடம்பெயர்ந்தது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 1,23,851. பல்கலைக்கழகத்தின் மாணவர் எண்ணிக்கை இன்று 50,000-க்கும் மேற்பட்டது. இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலான விகிதமே நகரின் இயல்பை உணர்த்தப் போதுமானது.

தன்பாலீர்ப்பினரின் அமெரிக்க வரலாறு நியூயார்க், சான்பிரான்சிஸ்கோ போன்ற பெருநகரங்களை மையமாகக் கொண்டே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. பெருநகரில் ஒரு தெருவோ ஒரு பகுதியோ முழுவதும் இம்மக்களின் குடியிருப்பாகவும் வணிகமாகவும் அமைய இயலும். கல்லூரி நகரின் நிலை வேறு. அங்கே மக்களில் பெரும்பகுதியினர் நான்கு அல்லது ஐந்து ஆண்டுகளில் வந்து செல்வோர். ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் புதிய மாணவர்கள் வருகின்றனர். ஒவ்வொரு வேனிலிலும் ஒரு தொகுதியினர் பட்டம் பெற்று வெளியேறுகின்றனர். எனவே இன்ன இடம் தமக்குரியது என்னும் அறிவைப் புதியவர்க்கு மீண்டும் மீண்டும் கற்பிக்க வேண்டியிருந்தது. பெருநகரில் அக்கம்பக்கத்தார் நினைவில் வாழும் செய்தி, கல்லூரி நகரில் ஒரு பெயரிலோ ஒரு நிறுவனத்திலோ தங்கினாலன்றி நான்கு ஆண்டுகளில் மறைந்துவிடக்கூடும். இந்நகரில் பெயர்கள் தனிச்சிறப்புப் பெறுவதற்கு இதுவே காரணம்.

3. பெயர் சொல்லாப் பெயர்கள்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் தன்பாலீர்ப்பினர் கூடும் மதுவிடுதி தன் உரிமத்தை இழக்கும் நிலை இருந்தது. அதனால் அவ்விடங்கள் தம் வாடிக்கையாளரைப் பெயரால் அறிவிக்கவில்லை. ஆன் ஆர்பர் நகர மையத்தில் வாஷிங்டன் தெருவில் இருந்த ‘ஃபிளேம்’ என்னும் மதுவிடுதி இத்தகையது. அப்பெயருக்குத் தீச்சுடர் என்பது பொருள். அந்நாளில் எத்தனையோ அமெரிக்க ஊர்களில் எத்தனையோ விடுதிகளுக்கு வைக்கத்தக்க பொதுப்பெயர் அது. தெருவில் செல்வோருக்கு அது மற்றுமொரு மதுவிடுதி. உள்ளே செல்வோருக்கு அச்சொல் வேறொரு பொருளையும் தாங்கி நின்றது.

1970-களில் இம்மக்கள் கூடி நடனமாடிய மற்றோரிடம் ‘ருபாயத்’. பாரசீக மொழியில் நான்கடிப் பாடல்களைக் குறிக்கும் பன்மைச் சொல் இது. உமர் கய்யாமின் பாடல்களை எட்வர்டு பிட்ஸ்ஜெரால்டு 1859-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பின் இச்சொல் ஆங்கிலம் பேசும் நாடுகளில் மதுவுக்கும் களிப்புக்கும் உரிய சொல்லாக வழங்கலாயிற்று. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் தமிழாக்கத்தால் தமிழ் வாசகர்க்கும் இச்சொல்லின் மணம் தெரியும். இங்கும் பெயர் மதுவைச் சுட்டுகிறதேயன்றி மாந்தரைச் சுட்டவில்லை.

இவ்விரு பெயர்களையும் குழூஉக்குறி எனக் கொள்ளலாமா என்பது எண்ணத்தக்கது. பொற்கொல்லர் தமக்குள் பொன்னை வேறு சொல்லால் வழங்கும்போது அச்சொல்லைக் குழுவே படைக்கிறது. ஃபிளேம், ருபாயத் என்னும் பெயர்களை இடத்தின் உரிமையாளர் வைத்தார். வாடிக்கையாளர் அவற்றுக்குள் தம் பொருளைப் பெய்தனர். ‘இன்றிரவு ஃபிளேமில் சந்திப்போம்’ என்னும் தொடர் கேட்பவரின் அறிவுக்கேற்ப ஒரு பொருளோ இரு பொருளோ தந்தது. ஆகவே சொல்லாக்கத்தால் அன்றிப் பயன்பாட்டால் குழூஉக்குறியானவை இவை எனலாம். இவ்வகைப் பெயருக்கு ஒரு நன்மையும் ஒரு குறையும் உண்டு. அது காட்டிக்கொடுக்காது, ஆனால் அறியாதவனுக்கு வழியும் காட்டாது. புதிதாக வந்த பதினெட்டு வயது மாணவனோ மாணவியோ அந்நகரில் தம்மைப் போன்றோர் கூடுமிடம் உண்டு என்பதையே பெயர்ப்பலகையைக் கண்டு அறிந்துகொள்ள முடியாது.

4. சொல் சட்டமான காலம்: 1970–1974

நியூயார்க்கில் 1969 ஜூன் மாதம் ஸ்டோன்வால் விடுதியில் நிகழ்ந்த எதிர்ப்பிற்குப் பின் அந்நகரில் ‘கே விடுதலை முன்னணி’ என்னும் அமைப்பு தோன்றியது. வியத்நாமின் தேசிய விடுதலை முன்னணியை நினைவூட்டும் பெயர் இது. 1970-இல் ஆன் ஆர்பரிலும் அப்பெயரிலேயே அமைப்பு உருவாயிற்று. அதன் தொடக்கத்தில் பங்குபெற்றவர்களுள் ஜிம் டாய் ஒருவர். 1930-இல் பிறந்த இவர் 1970 ஏப்ரலில் டெட்ராய்ட்டில் நடந்த போர் எதிர்ப்புக் கூட்டமொன்றில் பேசுகையில் தாம் தன்பாலீர்ப்பினர் என்று வெளிப்படையாக அறிவித்தவர்.

அவ்வாண்டில் தன்பாலீர்ப்புப் பற்றிய வட்டார மாநாடு ஒன்றைப் பல்கலைக்கழக வளாகத்தில் நடத்த இம்முன்னணி இடம் கேட்டது. பல்கலைக்கழகத் தலைவர் ராபன் ஃபிளெமிங் அதற்கு இசைவளிக்கவில்லை. பூசலின் கரு ஓர் அரங்கு. ஆனால் மறுக்கப்பட்டது ஒரு சொல்லை அறிவிப்புப் பலகையில் எழுதும் உரிமையும் ஆகும்.

1971 ஜூலையில் அமெரிக்க அரசமைப்பின் 26-ஆம் திருத்தம் வாக்குரிமை வயதைப் பதினெட்டாகக் குறைத்தது. கல்லூரி நகரில் இதன் விளைவு உடனே புலப்பட்டது. 1972 ஏப்ரல் தேர்தலில் மனித உரிமைக் கட்சி என்னும் சிறு கட்சி நகர மன்றத்தில் இரண்டு இடங்களைப் பெற்றது. நான்சி வெக்ஸ்லர், ஜெரி டிகிரீக் ஆகியோர் உறுப்பினராயினர். அவ்வாண்டு ஜூனில் நகர மன்றம் தன்பாலீர்ப்பினர் பெருமித வாரத்தை அறிவித்தது. ஓர் அமெரிக்க ஆட்சி மன்றம் இத்தகைய அறிவிப்பைச் செய்தது இதுவே முதன்முறை எனக் கருதப்படுகிறது. ஜூலையில் வேலை, குடியிருப்பு, பொது இடங்கள் ஆகியவற்றில் தன்பாலீர்ப்பினருக்கு எதிரான பாகுபாட்டைத் தடைசெய்யும் நகரச் சட்டம் நிறைவேறியது. அதே மாநிலத்தின் மற்றொரு கல்லூரி நகரமான ஈஸ்ட் லான்சிங் இதற்குச் சில திங்கள் முன்னர், 1972 மார்ச்சில், பணியமர்த்தத்தில் இத்தகைய தடையை விதித்திருந்தது.

சட்டம் வந்தபின்னும் பொது இடத்தின் வாயில் எளிதில் திறக்கவில்லை. உணவகம் ஒன்றில் தன்பாலீர்ப்பினருக்கு எதிராக நிகழ்ந்ததைக் காவல்துறை புதிய சட்டத்தின்படி கையாளவில்லை என்னும் எதிர்ப்பின் பகுதியாகவே வெக்ஸ்லரும் டிகிரீக்கும் 1973-இல் தாங்களும் தன்பாலீர்ப்பினரே என்று அறிவித்தனர். அடுத்த ஆண்டு, 1974 ஏப்ரல் 2 அன்று, இருபத்தொரு வயது மாணவியான கேத்தி கோசசென்கோ 52 வாக்கு வேறுபாட்டில் நகர மன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சான்பிரான்சிஸ்கோவில் ஹார்வி மில்க் வெற்றிபெற்றது 1977-இல்தான்.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. வெக்ஸ்லரும் டிகிரீக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டு வெளிப்படுத்திக்கொண்டவர்கள். கோசசென்கோ வெளிப்படுத்திக்கொண்டு தேர்ந்தெடுக்கப்பட்டவர். தமிழில் வினையெச்சமும் வினைமுற்றும் இடம் மாறுவதால் இரு வேறு வரலாற்று ‘முதன்மைகள்’ பிறக்கின்றன. ‘தன்பாலீர்ப்பினரான முதல் உறுப்பினர்’ என்று பெயரெச்சத்தால் சுருக்கிவிட்டால் இம்முறைவைப்பு அழிந்து, மூவருள் யார் எதில் முதல்வர் என்பது மயங்கிவிடும்.

5. ஓர் அலுவலகத்தின் ஐந்து பெயர்கள்

மாணவர்களின் வற்புறுத்தலால் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1971-இல் ஓர் அலுவலகத்தை நிறுவியது. அமெரிக்க உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் தன்பாலீர்ப்பு மாணவர்க்கென ஊதியப் பணியாளரைக் கொண்டு அமைந்த முதல் அலுவலகம் இதுவே எனப்படுகிறது. ஜிம் டாயும் சிண்டி கேரும் இதன் முதற் பணியாளர்கள். இதன் முதற்பெயர் ‘மனிதப் பாலியல் அலுவலகம்’.

இப்பெயர் இடக்கரடக்கலுக்கு நேர் எடுத்துக்காட்டு. அலுவலகம் யாருக்கென அமைந்ததோ அவரைக் குறிக்கும் சொல் பெயரில் இல்லை. மாந்தர் அனைவருக்கும் பொதுவான ஒன்றைச் சுட்டி, குறிப்பிட்ட ஒரு பகுதியை அதனுள் அடக்குகிறது பெயர். மருத்துவத் துறையின் குளிர்ச்சியும் அதில் உண்டு. ஆயினும் அதனைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட இயலாது. மாநாட்டுக்கு அரங்கு தர மறுத்த நிறுவனத்திற்குள் ஓர் அறையும் மேசையும் ஊதியமும் பெற அப்பெயர் வழிசெய்தது. இடக்கரடக்கல் அவையோரின் நாணத்தைக் காப்பது மட்டுமன்று. சில வேளைகளில் அவைக்குள் நுழையும் வாயிலும் அதுவே.

பின்னர் இவ்வலுவலகம் ‘லெஸ்பியன் – கே ஆண்கள் நிகழ்ச்சித்திட்ட அலுவலகம்’ எனப் பெயர் மாறியது. ‘கே’ என்பதுடன் ‘ஆண்கள்’ என்னும் அடை சேர்ந்தது நோக்கத்தக்கது. ஆங்கிலத்தில் ‘கே’ என்னும் சொல் இரு பாலார்க்கும் பொதுவாகவும் ஆண்களுக்குச் சிறப்பாகவும் வழங்கியது. பொதுச்சொல் ஒன்று நடைமுறையில் ஆணையே சுட்டுமாயின் பெண் அச்சொல்லுக்குள் மறைந்துவிடுகிறாள். அடைமொழி சேர்த்ததால் ஆண் என்பதும் குறிக்கப்பட வேண்டிய ஒரு வகையாயிற்று. 1970-களில் இந்நகரின் பெண்கள் தமக்கெனத் தனி அமைப்புகளைத் தொடங்கியதும் இதே சிக்கலின் விளைவே. அவற்றுள் ஒன்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ‘வெறித்துப் பார்’ எனப் பொருள்படும் சொல் கிடைக்கும். வெறித்துப் பார்க்கப்படுவோர் அப்பார்வையையே தம் பெயராக்கிக்கொண்ட நகைச்சுவை அது.

அடுத்தடுத்த பெயர்மாற்றங்களில் இருபாலீர்ப்பினரும் பின்னர்த் திருநரும் பெயரில் இடம்பெற்றனர். ஒவ்வொரு சேர்க்கையும் அதுவரை வெளியே நின்றோர் கதவைத் தட்டியதன் பதிவு. இறுதியில் பட்டியல் நீங்கி ‘ஸ்பெக்ட்ரம் மையம்’ என்னும் பெயர் வந்தது. ஸ்பெக்ட்ரம் என்பது நிறமாலை. முதற்பெயரைப் போலவே இதிலும் எக்குழுவின் பெயரும் இல்லை. எனினும் இரண்டும் ஒன்றல்ல. முதற்பெயர் சொல்ல அஞ்சியதால் பொதுவாயிற்று. இறுதிப்பெயர் சொல்லிமுடித்த பின் பொதுவாயிற்று. வடிவத்தை மட்டும் நோக்கும் ஆய்வு இவ்வேறுபாட்டைத் தவறவிடும். பெயரின் பொருள் அதற்கு முன்னிருந்த பெயர்களின் வரிசையிலும் அடங்கியுள்ளது.

டாயும் கேரும் வகித்த பதவியின் பெயர் ‘அட்வகேட்’. இந்திய ஆங்கிலத்தில் இச்சொல் வழக்கறிஞரை மட்டுமே குறிக்கப் பழகிவிட்டதால் ‘ஆண் தன்பாலீர்ப்பினர் வழக்கறிஞர்’ என்பதுபோன்ற பிழைபட்ட தமிழாக்கத்திற்கு இது இடந்தரும். ஒருவர்க்காகப் பரிந்து பேசுபவர் என்பதே இங்குள்ள பொருள். பரிந்துபேசி வெற்றிபெற நெடுங்காலம் ஆயிற்று. பல்கலைக்கழகம் தன் பாகுபாட்டுத் தடை விதியில் பாலீர்ப்பைச் சேர்த்தது 1993-இல்தான். நகரம் இருபத்தோர் ஆண்டுகளுக்கு முன்பே செய்ததை நகரின் மிகப்பெரிய நிறுவனம் அப்போதுதான் செய்தது.

6. இடப்பெயரும் காலப்பெயரும்

லிபர்டி தெருவில் 1980-களில் ‘நெக்டரின் பால்ரூம்’ என்னும் நடன அரங்கு திறக்கப்பட்டது. நெக்டரின் ஒருவகைப் பழம். பால்ரூம் என்பது நடனக்கூடம். இவ்வரங்கு வாரம் முழுவதும் தன்பாலீர்ப்பினருக்கு உரியதாக இருக்கவில்லை; வாரத்தின் குறிப்பிட்ட இரவுகள் அவர்களுக்கு உரியனவாயின. மற்ற நாள்களில் அதே தளத்தில் வேறு இளைஞர் ஆடினர்.

இதற்குப் பொருளியல் காரணம் தெளிவானது. கல்லூரி நகரில் ஒரு பெரிய நடன அரங்கை ஒரு சிறுபான்மையினரின் வருகையை மட்டும் நம்பி ஆண்டு முழுவதும் நடத்துவது கடினம். மாணவர் ஊருக்குச் சென்றுவிடும் விடுமுறைக் காலங்களில் வருவாய் மேலும் குறையும். எனவே இடத்தைப் பகிர்ந்து, காலத்தைத் தமதாக்கினர். தமிழ் இலக்கணம் பெயர்ச்சொற்களை வகுக்கையில் இடப்பெயரையும் காலப்பெயரையும் வேறுபடுத்துகிறது. நெக்டரினைப் பொறுத்தவரை இம்மக்களின் கூடுமிடத்தைக் குறித்த உண்மையான பெயர் ‘வெள்ளிக்கிழமை’ என்பதே எனலாம். ஓர் இடத்தின் பெயரைச் சொன்னால் அது காட்டிக்கொடுக்கலாம். வெள்ளிக்கிழமை என்று சொன்னால் யாரும் ஐயுறார். கூடுமிடங்களின் வரலாற்றை நிலப்படத்தை மட்டும் கொண்டு வரைய முயல்வோர் இத்தகைய இடங்களைக் காணத் தவறுவர்.

பின்னாளில் இவ்வரங்கு ‘நெக்டோ’ எனப் பெயர் பெற்றது. நீண்ட பெயர் பேச்சில் குறுகிய மரூஉப் போன்ற வடிவம் இது. மரூஉ இயல்பு வழக்கைச் சேர்ந்தது. மறைக்க வேண்டிய தேவையால் அன்றி, பலமுறை சொன்னதால் பெயர் தேய்ந்தது என்பது காலமாற்றத்தைக் காட்டும் சிறு சான்று.

7. பொதுமொழியும் பின்சாய்வுக் கோடுகளும்

1991-இல் ஆன் ஆர்பரில் ‘காமன் லாங்வேஜ்’ என்னும் நூலகக் கடை தொடங்கியது. பெண்ணிய நூல்களும் தன்பாலீர்ப்பினர், திருநர் பற்றிய நூல்களும் இதன் சிறப்பு. பெயரின் பொருள் பொதுமொழி. ஏட்ரியன் ரிச் 1978-இல் வெளியிட்ட கவிதைத் தொகுதியின் தலைப்பில் இடம்பெற்ற தொடர் இது என்பதைப் பெண்ணிய இலக்கியம் பயின்றோர் உணர்வர். பயிலாதோர்க்கு மொழிநூல் விற்கும் கடை எனத் தோன்றலாம். இங்குப் பெயர் மறைப்பதற்காக இருபொருள் கொள்ளவில்லை. படித்தவரை அழைப்பதற்காக இருபொருள் கொள்கிறது. தம் அனுபவத்தைச் சொல்லும் சொற்களைத் தேடி வரும் இளையோர்க்கு அச்சொற்கள் அடுக்கில் நூல்களாக நின்றன. நகரின் முதல் கூடுமிடங்கள் மதுவிடுதிகளாக இருந்தமையால் மது அருந்தும் வயதை எட்டாத மாணவர்க்கு அவை மூடியிருந்தன. நூலகக் கடைக்கு அத்தடை இல்லை.

1995-இல் நகரின் கெர்ரிடவுன் பகுதியில், உழவர் சந்தைக்கு எதிரே பழைய வீடுகள் சூழ்ந்த பிரவுன் கோர்ட் என்னும் சிறு முற்றத்தில், ஒரு மதுவிடுதி திறக்கப்பட்டது. அதன் பெயர் மொழியியலார்க்கு விருந்து. பெயர்ப்பலகையில் இரு பின்சாய்வுக் கோடுகளுக்கிடையே \அவுட்\ என்னும் ஒலி மூன்று ரோமன் எழுத்துகளில் ஒலிபெயர்க்கப்பட்டிருந்தது. ‘வெளியே’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் வழக்கமான எழுத்துக்கூட்டல் அன்று அது, அச்சொல்லின் உச்சரிப்பு. மேரியம்–வெப்ஸ்டர் அகராதிகள் உச்சரிப்பைப் பின்சாய்வுக் கோடுகளுக்கிடையே தரும் மரபைப் பெயர் பின்பற்றியது.

அச்சொல்லின் வரலாறும் இங்குத் தேவைப்படுகிறது. தன்னை வெளிப்படுத்திக்கொள்வதைக் குறிக்கும் ஆங்கிலத் தொடர், இளம்பெண்களை உயர்குடிச் சமூகத்திற்கு அறிமுகம் செய்யும் சடங்கின் சொல்லாட்சியிலிருந்து வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது தன்பாலீர்ப்பினரின் உலகிற்குள் அடியெடுத்து வைப்பதைக் குறித்தது என்பதை வரலாற்றறிஞர் ஜார்ஜ் சான்சி 1994-இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். ஒளிந்திருந்த அலமாரியிலிருந்து வெளிவருதல் என்னும் உருவகம் பின்னரே இணைந்தது. முதலில் ‘எதற்குள்’ வருகிறார் என்பது முதன்மை பெற்றது. பின்னர் ‘எதிலிருந்து’ வெளிவருகிறார் என்பது முதன்மை பெற்றது. கூடுமிடம் ஒன்றிற்கு இச்சொல்லைப் பெயராக்கியபோது இரு பொருளும் ஒன்றுசேர்ந்தன. வெளியே என்னும் பெயருடைய இடத்திற்கு உள்ளே செல்கிறார் வருபவர்.

இப்பெயரைக் கண்ணால் மட்டும் பார்ப்பவர்க்குப் பொருள் விளங்காது. வாயால் சொல்லும்போதே விளங்கும். பொருளை அறிய விரும்புபவர் அச்சொல்லை உரக்கச் சொல்லியாக வேண்டும் என்பது இதன் நயம். வடிவில் இது குழூஉக்குறி. அகராதிக் குறியீடு அறிந்த கல்லூரி நகரத்தாரை எண்ணி அமைந்தது. செயலில் இது குழூஉக்குறியின் மறுதலை. குழூஉக்குறி அறிந்தவரை உள்ளடக்கி அறியாதவரை விலக்கும். இப்பெயரோ சொல்பவர் எவரையும் அறிவிப்பில் பங்குபெறச் செய்கிறது. ஃபிளேம் என்னும் பெயரைச் சொன்னவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை; \அவுட்\ என்று சொன்னவர் சொல்லும்போதே ஒன்றை அறிவித்தார்.

பொதுமொழிக் கடையும் பின்னர் இம்முற்றத்திற்கு இடம்பெயர்ந்தது. வட்டாரச் சமூக மையம் ஒன்றும் இங்கு அமைந்து, பிற்காலத்தில் ஜிம் டாயின் பெயரைத் தாங்கியது. மதுவும் நூலும் உதவியும் ஒரே முற்றத்தில் கிடைத்தன. பிரவுன் கோர்ட் என்னும் பெயர் ஒரு முற்றத்தைக் குறிப்பதைவிட அங்குக் கூடிய மக்களையும் அவர்தம் வாழ்வையும் குறிக்கும் இடவாகுபெயராயிற்று. தனிமனிதரின் குடும்பப் பெயராகத் தொடங்கிய சொல், எவ்வடையும் எவ்விளக்கமும் இன்றிப் பொருள் உணர்த்திய நிலை இது. இயல்பு வழக்கு என்பதற்கு இதனினும் நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

8. வென்ற உரிமையும் மூடிய கதவும்

நகரம் 1972-இல் சட்டம் இயற்றியபோதும் மாநிலச் சட்டம் தன்பாலுறவைக் குற்றமாகவே வைத்திருந்தது. 2003-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லாரன்ஸ் எதிர் டெக்சாஸ் வழக்கில் அளித்த தீர்ப்பே அதன் வலிமையை நீக்கியது. அடுத்த ஆண்டே மிச்சிகன் வாக்காளர்கள் தன்பால் திருமணத்தை மாநில அரசமைப்பின் வழியாகத் தடைசெய்தனர். 2014 மார்ச் 21, வெள்ளிக்கிழமை, கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அத்தடையைச் செல்லாதென அறிவித்தார். மறுநாள் சனிக்கிழமை ஆன் ஆர்பரைத் தலைமையிடமாகக் கொண்ட வாஷ்டெனா உள்ளிட்ட நான்கு மாவட்டங்களில் ஏறத்தாழ 300 இணையர் திருமணம் செய்துகொண்டனர். அன்றே மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்தது. 2015 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் தீர்ப்பளித்தது. மிச்சிகன் மாநிலம் தன் குடிமை உரிமைகள் சட்டத்தில் பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் 2023-இல் சேர்த்தது. ஆன் ஆர்பர் நகரச் சட்டத்திற்கும் இதற்கும் இடையே ஐம்பத்தோர் ஆண்டுகள்.

உரிமைகள் பெருகிய இக்காலத்திலேயே கூடுமிடங்கள் மூடப்பட்டன. பொதுமொழிக் கடை 2018-இல் மூடியது. இணைய வணிகம் நூலகக் கடைகளைப் பொதுவாகவே நலிவித்தது. 1971-இல் ஆன் ஆர்பரிலேயே தோன்றி நாடெங்கும் கிளை பரப்பிய பார்டர்ஸ் நிறுவனம்கூட 2011-இல் மறைந்தது. \அவுட்\ விடுதி கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில், 2020-இல், மூடப்பட்டது. ஜிம் டாய் 2022 ஜனவரி முதல் நாள் காலமானார்.

எல்லா இடமும் தமக்குத் திறந்துவிட்டால் தனியிடம் எதற்கு என்னும் வினா இங்கு எழுகிறது. கைப்பேசி வழியே அறிமுகம் தேடுவோர்க்கு மதுவிடுதியின் தேவை குறைந்திருக்கலாம். ஆனால் இரண்டாம் பகுதியில் கூறப்பட்ட மாணவர் சுழற்சி மாறவில்லை. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் முதன்முறையாக வீட்டை விட்டு வரும் இளையோர் வருகின்றனர். சட்டநூலில் உள்ள உரிமை அவர்க்கு உண்டு. ஆயினும் தமக்கு மூத்தோரைச் சந்திக்கும் முற்றம் அரிதாகிவிட்டது. தலைமுறை மாற்றம் நான்கு ஆண்டுகளுக்கொருமுறை நிகழும் ஊரில் இவ்விழப்பு பெருநகரில் உணரப்படுவதைவிட விரைவில் மறதியாக மாறும்.

9. தமிழாக்கச் சிக்கல்

இவ்வரலாற்றைத் தமிழில் எழுதுவோர் இரு வகைப் பிழைக்கு ஆளாகக்கூடும். ஒன்று, இன்றைய சொல்லை அன்றைய இடத்தின் மேல் ஏற்றுவது. ஃபிளேமைத் ‘தன்பாலீர்ப்பினர் மதுவிடுதி’ என்று விளக்கமின்றி எழுதினால், அவ்விடம் காத்துவந்த மௌனம் அழிந்து, இல்லாத பெயர்ப்பலகை ஒன்று அதன் வாயிலில் மாட்டப்படும். மற்றொன்று, வெளிப்படச் சொன்னதை மீண்டும் மறைப்பது. \அவுட்\ விடுதியை ‘நண்பர்கள் கூடும் கேளிக்கை விடுதி’ என்று எழுதினால் அதன் பெயர் செய்த செயல் தமிழில் நிகழாமற் போகும். முதற்பிழை காலத்தை மயக்குகிறது. இரண்டாவது பிழை மாந்தரை மறைக்கிறது.

தமிழில் இதற்குரிய சொற்களும் இன்று உள்ளன. ‘திருநங்கை’ என்னும் சொல் இழிசொற்களை விலக்கிப் பொதுவழக்கில் இடம்பெற்றது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021-இல் ஆணைகள் பிறப்பிக்கப்பட்ட வழக்கொன்றின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022-இல் இத்துறைக்கான தமிழ்ச் சொல்லடைவை அரசிதழில் வெளியிட்டது. அரசு வெளியிட்ட பட்டியல் அலுவல் மொழிக்கும் இதழியலுக்கும் பயன்படும். வரலாற்று நூலை மொழிபெயர்ப்போர்க்கோ அது மட்டும் போதாது. ஒரு காலத்தார் எச்சொல்லைத் தவிர்த்தனர், எச்சொல்லின் பின்னே நின்றனர் என்பதையும் அவர்கள் தமிழில் காட்ட வேண்டும். கூடுமிடப் பெயர்களை ஒலிபெயர்த்து, முதல் வரவில் பொருளை உரையிலேயே விளக்கி, பின்னர் ஒலிபெயர்ப்பையே ஆள்வது ஏற்ற முறையாகும்.

10. முடிவுரை

ஆன் ஆர்பரின் கூடுமிடப் பெயர்கள் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலத்தில் தகுதி வழக்கிலிருந்து இயல்பு வழக்கை நோக்கி நகர்ந்தன. ஃபிளேமும் ருபாயத்தும் பயன்பாட்டால் குழூஉக்குறியாயின. மனிதப் பாலியல் அலுவலகம் இடக்கரடக்கலால் பல்கலைக்கழகத்திற்குள் இடம்பெற்றது. நெக்டரினில் காலப்பெயர் இடப்பெயரின் வேலையைச் செய்தது. பிரவுன் கோர்ட் ஆகுபெயராகி இயல்பு வழக்கில் கலந்தது.

இச்சட்டகத்திற்குள் அடங்காதது \அவுட்\ என்னும் பெயர். தகுதி வழக்கின் மூன்று வகைகளிலும் பேசுவோர் அவைக்கோ குழுவுக்கோ அடங்கிச் சொல்லை மாற்றுகின்றனர். அவை மறைத்த குழு தானே தனக்குப் பெயரிட்டு, அப்பெயரை அவையோரின் வாயாலேயே சொல்லவைக்கும் நிலையை அம்மூன்றும் குறிப்பதில்லை. தன்பெயரிடல் என்னும் நான்காவது வகையை இம்மூன்றோடு வைத்து எண்ணுவதற்கு இப்பெயர் இடந்தருகிறது. திருநங்கை என்னும் சொல்லின் பரவலையும் இவ்வகையில் வைத்து ஆராயலாம்.

இப்பெயர்களுள் பல இன்று பலகையில் இல்லை. ஆவணக் காப்பகங்களிலும் பழைய இதழ்களிலும் அவ்விடங்களில் இளமையைக் கழித்தோர் நினைவிலுமே அவை எஞ்சியுள்ளன. அவற்றைப் பிறமொழியில் எழுதும் ஒவ்வொருவரும் ஒரு பெயர்ப்பலகையை மீண்டும் எழுதுகிறார். அதில் அன்று இருந்த எழுத்துகளைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுவது மொழிபெயர்ப்பாளரின் கடமை.